எக்ஸ்சேஞ்ச் அக்கா போட்ட நம்பர்

எக்ஸ்சேஞ்ச் அக்காவைக் கொன்றது இன்டர்நெட் போன்தான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. இல்லை, தம்பிதான் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று இன்னொரு பேச்சு. வாய் இருக்கிறவர்கள் பேசட்டும். அந்த போனைத் தேர்ந்தெடுத்த அன்று அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதை மாட்டிய அன்றும் இருந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலும் நின்றேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். மற்றவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்கலாம்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் சலவைக் கடை. உள்ளே துவைக்கிற மெஷின்கள், ஒரு இஸ்திரி மேஜை, எந்நேரமும் ஆவி. அதற்கு நேர் மேலே, ஒரு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் அக்கா தனியாக இருந்தார். கண் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. "நெறமெல்லாம் பார்த்து வெச்சுட்டேன். பாக்கி ஒண்ணும் பார்க்கிற மாதிரி இல்ல" என்பார். நான் துவைத்து மடித்துக் கொண்டுபோகும் துணியை மூக்கருகில் வைத்து, "இந்தத் தடவை சோப்பை மிச்சம் பிடிச்சுட்ட போல" என்று என் மானத்தை வாங்குவார். உண்மையில் மிச்சம் பிடித்திருப்பேன். அதுதான் இன்னும் கோபம் வரும்.

எக்ஸ்சேஞ்ச் என்ற பட்டப்பெயர் அவர் பார்த்த வேலையால் வந்தது. ஒரு பெரிய பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அக்காவின் குரல்தான். பணிமனையா, கணக்குப் பிரிவா, பெரிய முதலாளியா, யார் வேண்டுமென்று கேட்டு அவர்களோடு இணைத்துவிட வேண்டும். மற்றவர்களுக்கு லைன்களை இணைக்கிற பலகையில் விளக்கு எரியும். அக்காவுக்கென்று மாற்றிக்கொடுத்த பலகையில் விளக்குக்குப் பதில் ஒரு சின்னக் கம்பி மேலே எழும்பும். அதை விரலால் தடவிப் பார்த்து எந்த லைன் என்று கண்டுபிடிப்பார். எந்த அறைக்கு எந்த நம்பர் என்பது முழுக்க மனப்பாடம். மாற்றலாகிப் போனவர்களின் நம்பர்கூட மறக்காது. யாருக்கு யார் கூப்பிடுகிறார்கள், யார் யாரிடம் இல்லையென்று சொல்லச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் எவ்வளவோ கிண்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பெயராது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் உட்கார வைத்தார்களாம். ஆபரேட்டர் லைனைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. லைன் மற்றவர்களுக்கு. அது அக்காவின் ரத்தத்தில் ஊறிவிட்டது. வேலை போன பிறகும், வீட்டில் தனியாக இருந்தபோதும், அவசியம் இல்லாமல் யாருக்கும் போன் செய்ய மாட்டார். வருகிற போனை எடுத்து, பேசி, சீக்கிரம் வைத்துவிடுவார். "லைன் சும்மா இருக்கணும்டி. யாராவது கூப்பிடுவாங்க" என்பார். யாரும் கூப்பிட மாட்டார்கள். தம்பி மட்டும் கூப்பிடுவார்.

வேலை போன கதை சின்னது. பதிவு செய்த ஒரு குரலை வைத்து, இந்தப் பிரிவுக்கு இந்த எண்ணை அழுத்தவும் என்று செய்துவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் என்ன வேண்டுமென்று கேட்டார்களாம். "கேஷியர் ரூம்ல ஒரு கறுப்பு போன் இருக்குல்ல, அதைக் குடுங்க" என்று கேட்டு வாங்கிவந்தார். வட்டத்தில் துளை துளையாக இருக்குமே, விரலை விட்டுச் சுற்றுகிற போன், அது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். மணி அடித்தால் கீழே என் கடை வரை கேட்கும்.

ஆசைக்காக மட்டும் அதை வைத்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். அக்காவுக்குச் சர்க்கரை. பல வருஷத்துச் சர்க்கரை. அது கடைசியில் விரல் நுனிகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழும்பி நிற்கும் கம்பியைத் தடவியே சம்பாதித்த விரல்கள் மரத்துப்போயின. தம்பி வாங்கிக்கொடுத்த செல்போனில் பொத்தான் எது, வெறும் இடம் எது என்று தெரியவில்லை. இரண்டு நாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். கறுப்பு போனில் அந்தக் கஷ்டம் இல்லை. விரல் மரத்தாலும் துளைக்குள் போவது தெரியும். ஒன்று, இரண்டு என்று துளையை எண்ணிக்கொண்டு போகலாம்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷன். பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி, கண்ணாடிக் குழாய் அடுக்குகிற வேலை. நகரத்தின் அந்தக் கோடியில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு, அக்கா வீட்டைவிடச் சின்ன வீட்டில் இருந்தார். அக்காவைக் கூட வைத்துக்கொள்ள அங்கே ஒரு பாய் விரிக்க இடமில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி அவருக்கு இருந்தது. தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் அக்காவுக்குப் போன் செய்வார். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைத் தாழ் போட்டியா. அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நாள் அக்கா அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டார். சுட்டது அவருக்கே தெரியவில்லை. கருகின வாடை வந்து, என்ன தீய்கிறது என்று தேடியிருக்கிறார். தீய்ந்தது அவர் விரல். அதைக் கேட்டுத் தம்பி ஆடிப்போய்விட்டார். நகரத்துக்கு வெளியே ஒரு காப்பகம் பார்த்துவிட்டு வந்தார். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த வீட்ல சுவர் எங்கே முடியுது, தண்ணி எங்கே இருக்கு, எல்லாம் என் உடம்புக்குத் தெரியும்டா. அங்கே போனா நான் நெசமாவே குருடி ஆயிடுவேன்."

 ஆனாலும் தம்பி பிடி விடவில்லை.

"சரி, இரு. ஆனா ஒண்ணு. ஏதாவதுன்னா உடனே எங்களைக் கூப்பிட உனக்கு வழி இருக்கணும். வீட்ல போன் வேலை செய்யற வரைக்கும்தான் இங்கே. அது நின்னுச்சுன்னா மறுபேச்சு இல்ல, கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஒத்துக்கொண்டார். அக்காவின் தனி வீடு, அக்காவின் சுதந்திரம், எல்லாம் அந்தக் கறுப்பு போனின் வாலில் தொங்கியது. அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் பழைய டெலிபோன் கம்பெனி கையை விரித்தது. செம்புக் கம்பி லைன்களையெல்லாம் நிறுத்தப் போகிறார்களாம். வீட்டு போன் வேண்டுமென்றால் இனி இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன்தான். எந்தக் கம்பெனியிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி மூன்று கம்பெனிகளின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. அளவில்லாத பேச்சு, மின்னல் வேகம், கண்ணாடி போன்ற தெளிவு என்று நான் படிக்கப் படிக்க அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"மின்னல் வேகத்துல பேசி நான் என்ன பண்ணப் போறேன்? அதையெல்லாம் தூக்கிப் போடு. ஒவ்வொருத்தன் நம்பரையும் சொல்லு. கம்பெனி எப்படின்னு தெரியணும்னா, கூப்பிட்டா யார் எடுக்கறான்னு பார்க்கணும்."

பழைய லைன் அப்போது இன்னும் இருந்தது. முதல் கம்பெனிக்குச் சுற்றினார். பதிவு செய்த குரல் வந்தது. புதிய இணைப்புக்கு ஒன்றை அழுத்தவும். அக்கா ஒன்றைச் சுற்றினார். குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இன்னொரு தடவை சுற்றினார். அதே பாட்டு.

"என்கிட்ட அழுத்தறதுக்கு ஒண்ணும் இல்லையேடா" என்று அந்தக் குரலிடமே சொல்லிவிட்டு வைத்தார். தன் வேலையைப் பிடுங்கிய ஜாதிக் குரல் அது. அந்தக் கம்பெனி அப்போதே ஒழிந்தது.

அப்போதே யோசித்திருக்கலாமே என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். யாரும் யோசிக்கவில்லை. ஒரு பதிவுக் குரல் காது கேளாமல் கிடந்தால் அது அதன் குறை என்றுதான் நானும் அக்காவும் நினைத்தோம்.

இரண்டாவது கம்பெனியில் ஆள் எடுத்தான். தேன் ஒழுகும் குரல். அக்கா தலையை ஆட்டி ரசித்தார். "கரன்ட் போச்சுன்னா போன் பேசுமா?" என்று கேட்டார். அதற்குத் தனிப் பிரிவு, மாற்றித் தருகிறேன் என்றான். பாட்டு ஓடியது. இன்னொருத்தி வந்தாள். அவளும் மாற்றித் தருகிறேன் என்றாள். மறுபடி பாட்டு. பிறகு லைன் செத்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டுக் கீழே போட்டுட்டான் பாரு! இவன் என்கிட்ட வேலை பார்த்திருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

"அக்கா, கரன்ட் கேள்விக்குப் பதில் வரலையே, அதைச் சொல்லுங்க" என்றேன்.

"பதில் கெடக்கு. ஒருத்தரை லைன்ல நிக்க வெச்சுட்டு விட்டுட்டுப் போறது கொலை பண்ற மாதிரி."

மூன்றாவது கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். கடுமையான ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அக்கா ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து நானும் கேட்கும்படி வைத்தார்.

"கரன்ட் போனா என்னம்மா?"

"சுவர்ல நாங்க மாட்டற பெட்டி நின்னுடும் மேடம். அதுக்குத் தனியா ஒரு பேட்டரி வாங்கி வெச்சுக்கணும். கொஞ்ச நேரம் தாங்கும்."

"என் பழைய நம்பரே கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம். ஆனா பழைய லைனை நீங்களா முன்னாடியே நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா நம்பர் போயிடும்."

"ஆம்புலன்ஸுக்குப் போட்டா என் வீடு எதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அது எனக்குத் தெரியலை மேடம். கேட்டுட்டு நானே கூப்பிடறேன்."

நானாக இருந்தால், தெரியாதவளை எதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று திட்டியிருப்பேன். அக்காவின் முகமோ மலர்ந்துவிட்டது. சொன்னபடி அவளே கூப்பிட்டாள். முகவரியைப் பதிந்துவைக்க வேண்டும், பதிந்தால் தெரியும் என்றாள். அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்த வார்த்தைகள் அப்படியே என் காதில் இருக்கின்றன.

"என்கிட்ட ஒரு பழைய போன் இருக்கு. அதையே மாட்டிக்கலாமா? அதுல நம்பர் போட்டா போகுமா?"

"எந்த போனா இருந்தாலும் மாட்டலாம் மேடம். நீங்க வழக்கமா எப்படி நம்பர் போடுவீங்களோ அப்படியே போடலாம்."

அக்கா ரிசீவரை வைத்தார். "இவதான். குரல் கட்டியிருக்கு, ஆனா பொய் இல்ல. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவளை நம்பலாம்."

தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தார். "உலகத்துலயே மூக்கடைப்பைக் கேட்டு போன் கம்பெனி தேர்ந்தெடுத்த ஒரே ஆள் நீதான்க்கா." சிரித்தாலும் அவருக்கும் நிம்மதிதான். அக்கா கேட்ட கேள்விகளில் பாதி அவருக்குத் தோன்றியிருக்காது. பேட்டரியை அவரே வாங்கிவந்தார்.

மாட்ட வந்த ஆள் அவசரத்தில் இருந்தான். அன்றைக்கு இன்னும் நிறைய வீடு பாக்கி என்றான். ஜன்னல் வழியாக மெல்லிய ஒயரை இழுத்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பதித்து, கறுப்பு போனின் ஒயரை அதில் சொருகினான். "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க, மியூசியத்துல குடுங்க" என்று ஒரு வார்த்தை. பிறகு தன் செல்போனிலிருந்து அடித்தான். கறுப்பு போன் வீடு அதிர அலறியது. அக்கா எடுத்தார். இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றுகொண்டு, கேக்குதா, கேக்குது என்று பேசிக்கொண்டார்கள். தம்பியும் தன் செல்போனிலிருந்து ஒரு முறை அடித்துப் பார்த்தார். கண்ணாடி போன்ற தெளிவு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை.

கடைசியாக அக்கா தானே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளிருந்து ஓ என்று டயல் டோன் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தத் தொழில் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம்தான் லைனின் மூச்சு. அது வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. அது வராவிட்டால் செத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"டோன் நல்லா வருது. போதும்" என்று வைத்துவிட்டார். லைனைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாதே. மாட்ட வந்தவன் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தான். அந்த போனிலிருந்து யாருக்கும் ஒரு நம்பர் போட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அக்காவுக்கு நல்ல மாதங்கள். தம்பி காப்பகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மதியம் மணி அடிக்கும். கீழே என் கடைக்கே கேட்கும். அடுத்து அக்காவின் குரல் கேட்கும். அந்த மணியை வைத்துத்தான் நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருவேன். ஜலதோஷப் பெண் ஒரு முறை கூப்பிட்டு, சேவை திருப்தியா மேடம் என்று விசாரித்தாளாம். "தங்கமா இருக்கும்மா. மூக்கு சரியாச்சா?" என்று இவர் கேட்டாராம். என்னிடம் அதை ரொம்பப் பெருமையாகச் சொன்னார். தான் பொறுக்கி எடுத்தது சோடை போகவில்லை என்ற பெருமை.

என் கடைக்கு ஞாயிறு விடுமுறை. என் வீடு வேறு பக்கம், அன்றைக்கு இந்தத் தெருவுக்கே வர மாட்டேன். அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தவர்கள் காலிசெய்துகொண்டு போய், அது பூட்டிக்கிடந்தது. திங்கட்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே என் செல்போன் அடித்தது. தம்பியின் மனைவி.

"அவர் நேத்து மத்தியானத்துலேர்ந்து போட்டுக்கிட்டே இருக்கார். என்கேஜ்டாவே இருக்கு. போனைச் சரியா வைக்காம விட்டுட்டாங்களோ என்னவோ. கொஞ்சம் மேல போய்ப் பார்க்கறீங்களா?"

மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. செல்போனை மேஜையில் வைத்துவிட்டுச் சாவியோடு ஏறினேன். கதவைத் திறந்ததும் மூத்திர வாடை. அக்கா சமையலறைக்கும் அறைக்கும் நடுவே தரையில் மல்லாந்து கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கறுப்பு போனை ஒயரைப் பிடித்து மேஜையிலிருந்து கீழே இழுத்திருக்கிறார். அது அவர் வயிற்றின் மேல் இருந்தது. ரிசீவர் காதோரம் கிடந்தது.

"யாரு?"

"நான்தான்க்கா."

"லாண்டரியா? வந்துட்டியா." நாக்கு உலர்ந்து, வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது. "என் விரல் போச்சுடி. ஒரு நம்பர்கூடச் சரியாப் போட வரலை. எத்தனை தடவை போட்டுட்டேன் தெரியுமா? ஒண்ணுகூட விழலை."

 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கையில் கிடைத்தது அந்த ரிசீவர்தான். ஒரு தடவை வைத்துவிட்டு எடுத்தேன். டயல் டோன் ஓ என்று வந்தது. என் நல்ல விரலால் சுற்றினேன். வட்டம் சுற்றித் திரும்பி வந்தது. ஓ என்ற சத்தம் நிற்கவில்லை. அடுத்த எண்ணையும் சுற்றினேன். நிற்கவில்லை. எல்லாம் சுற்றி முடித்த பிறகும், நான் ஒன்றுமே செய்யாத மாதிரி, அது பாட்டுக்கு ஓ என்று ஊதிக்கொண்டிருந்தது. போனைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழே ஓடி என் செல்போனில்தான் கூப்பிட்டேன்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஞாயிறு காலையில், கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்கப் போனவர் சிந்திய தண்ணீரில் வழுக்கி விழுந்திருக்கிறார். கத்திக் கத்திப் பார்த்துத் தொண்டை போன பிறகு, போன் இருந்த இடத்துக்கு முதுகாலேயே தேய்த்துக்கொண்டு போயிருக்கிறார். எலும்பைச் சேர்த்துவிடலாம், ஆனால் அவ்வளவு நேரம் குளிர்ந்த தரையில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது, சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை என்றார் டாக்டர். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று மாலை அந்தக் கம்பெனிக்கு நான் போன் செய்தேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிடுவது என்றுதான் செய்தேன். அதே பெண் எடுத்தாள். ஜலதோஷம் போய்த் தெளிவான குரல். நடந்ததை நான் சொல்லி முடித்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சுத்தற போனா மேடம்?"

"ஆமா."

"எங்க பெட்டிக்குப் பொத்தான் அழுத்தற போன்தான் புரியும். மணி அடிக்கும், பேச்சு கேக்கும். ஆனா சுத்தினா அதுக்கு ஒண்ணுமே தெரியாது." அவள் அழ ஆரம்பித்தாள். "சுத்தற போனை நான் பார்த்ததே இல்லை மேடம். பழைய போன்னா பொத்தான் வெச்ச பழசுன்னு நெனச்சேன். அவங்க நம்பர் போட்டா போகுமான்னுதான் கேட்டாங்க."

நான் தயாராக வைத்திருந்த வசவு எதுவும் வெளியே வரவில்லை. நம்பர் போடு. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சுற்றினாலும் போடுவதுதான், அழுத்தினாலும் போடுவதுதான். அக்கா போடு என்றபோது அவர் விரல் ஒரு துளைக்குள் போய்ச் சுற்றியது. அவள் போடு என்றபோது அவள் விரல் ஒரு பொத்தானைத் தட்டியது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஒருவரை ஒருவர் நம்பி, போனை வைத்துவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தராவது பொய் சொல்லியிருந்தால் எனக்குத் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும்.

மறுநாள் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மூச்சு மட்டும் கொதிக்கிற தண்ணீர் போலச் சத்தம் போட்டது. விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டை விரலில் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்க விரல் மேல தப்பே இல்லை. நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. அந்தப் பெட்டிக்குத்தான் சுத்தறது புரியாதாம். நான் போட்டும் போகலை."

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அவர் உரசுவதை நிறுத்தினார்.

"அப்ப எல்லா நம்பரும் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"எல்லாமே சரிதான்க்கா."

"ஆம்புலன்ஸ் போட்டேன். தம்பிக்குப் போட்டேன். உனக்குக்கூடப் போட்டேன். கொஞ்ச நேரத்துல ரிசீவரும் என்னை மாதிரியே கத்துச்சு. அப்புறம் அதுவும் அடங்கிப்போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணைத் திட்டினியா?"

"இல்ல."

"திட்டாதே. நல்லாப் பேசுவா."

இந்தச் சமயத்தில்தான் தம்பி உள்ளே வந்தார். ராத்திரி முழுக்க வெளியே பெஞ்சில் இருந்தவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அக்காவின் காலடியில் நின்றுகொண்டு, பக்கத்தில் வரத் தைரியம் இல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காலடிச் சத்தத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"வாடா. நேத்து... அந்த ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன்க்கா. மத்தியானம் கூப்பிட்டேன். சாப்பிட்டுட்டுக் கூப்பிட்டேன். சாயந்திரமும் கூப்பிட்டேன். என்கேஜ்டாவே இருந்துச்சு."

அக்கா தலையை மெல்ல அசைத்தார். ரிசீவர் கீழே கிடந்தால் கூப்பிடுகிறவருக்கு என்கேஜ்டு சத்தம்தான் வரும். அது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்கேஜ்டு என்றால் வந்து பார்த்திருக்கலாமே என்று அவர் கேட்கவும் இல்லை. நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"சாயந்திரம் வரைக்கும் என்கேஜ்டா இருந்தா என்ன ஏதுன்னு ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா தம்பி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தே சொன்னார். அழுகையில் பாதி வார்த்தை உள்ளேயே போனது.

"பேசிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்க்கா. வீட்ல கூடச் சொன்னேன். இன்னிக்கு அக்கா யார்கிட்டயோ ரொம்ப நேரமாப் பேசறான்னு சொன்னேன். எனக்கு... எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா. தொந்தரவு பண்ண வேண்டாம், நல்லாப் பேசட்டும்னு விட்டுட்டேன்."

அக்காவின் முகத்தில் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"யார்கிட்டடா?"

தம்பி வாயைத் திறந்தார். யோசித்தார். மறுபடி திறந்தார். ஒரு பேரும் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் வரவில்லை.